ஊசிக்கு வேப்பிலை கட்டியவர்

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் லிஃப்ட் வருவதே பெரிய விஷயம். ஒன்று எப்போதும் பழுதாகிக் கிடக்கும், மற்றது மாடிக்கு மாடி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு வரும். அப்படி வந்து சேர்ந்த லிஃப்டை ஒருவர் வேண்டுமென்றே விட்டுவிடுவார் என்றால் எங்கள் கட்டடத்துக்காரர்கள் நம்ப மாட்டார்கள். என் பக்கத்து வீட்டு அக்கா விடுவார். உள்ளே ஒரே ஒரு ஆள் இருந்தாலும் போதும். "நீங்க போங்கலா, நான் அடுத்ததுல வரேன்" என்று முகக்கவசத்துக்குள்ளிருந்து சொல்லிவிட்டு இரண்டடி பின்வாங்கிச் சுவரோரம் நிற்பார். அடுத்ததிலும் ஆள் இருக்கும். அதையும் விடுவார். கடைசியில் பொறுக்க முடியாமல் படியேறுவார். ஆஸ்துமாக்காரர், போதாததற்கு இனிப்பு நீர் வியாதி வேறு. ஒவ்வொரு திருப்பத்திலும் படியிலேயே உட்கார்ந்து, கைப்பையிலிருந்து மருந்துக் குழாயை எடுத்து இழுத்துக்கொண்டு, நான்காவது மாடிக்கு வந்து சேர்வார்.

நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். என் தையல் மெஷின் போட்டிருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவருடைய கூடம். குடிவந்த புதிதில் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. நான் வாசலில் நின்றால் அவர் கதவைச் சாத்திவிடுவார். நடைபாதையில் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெரிய இடத்துப் பெண்மணி, தையல்காரியோடு பேசினால் கௌரவம் குறைந்துவிடும் போலிருக்கிறது என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எனக்குப் பொறுமை குறைவு. முகத்தைத் தூக்குவது மட்டும் நன்றாக வரும்.

பிறகு ஒருநாள் போன் வந்தது. "செலாமாட் பாகி, வணக்கம், குட் மார்னிங். பக்கத்து வீட்ல இருந்து பேசறேன்." என்ன குரல்! வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தும் அதே குரல் கேட்டது, அரை நொடி முன்னால். "உங்க கொடியில காயற பச்சைத் துணி பறந்து எங்க கம்பியில மாட்டிக்கிச்சு. நான் எடுத்து உங்க வாசல்ல தொங்க விட்டிருக்கேன். கையில கையுறை போட்டுத்தான் எடுத்தேன், பயப்படாதீங்க" என்றார்.

அன்றைக்குத்தான் தெரிந்தது, அவர் பணி ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர் என்று. முகம் தெரியாத எத்தனையோ பேரோடு பேசிப் பழகியவர். நேரில் ஒட்டாதவர் போனில் அப்படி ஒட்டினார். என் முதுகுவலியைப் பற்றி என் கூடப் பிறந்தவர்கள்கூட விசாரித்ததில்லை, அவர் விசாரித்தார். நான் துணி வெட்டிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன். இரண்டு பேரும் சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். நானும் தனிக்கட்டைதான். யாராவது பேசிக்கொண்டிருந்தால் மெஷின் நன்றாக ஓடும் என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன்.

எது கொடுத்தாலும் கையில் கொடுக்க மாட்டார். தீபாவளிக்கு முறுக்கைப் பையில் போட்டு என் கம்பிக் கதவில் மாட்டிவிட்டு, உள்ளே போய்த் தாழ் போட்ட பிறகு போன் பண்ணுவார். "இப்ப எடுத்துக்கலாம்மா. சுடும்போது வாயைக் கட்டிக்கிட்டுத்தான் சுட்டேன்." நான் சிரிப்பேன். "வெடிகுண்டாக்கா வெச்சிருக்கீங்க?" என்பேன். அவர் சிரிக்க மாட்டார்.

கிள்ளானில் அவருக்கு ஒரு தங்கை இருந்தார். ஒரே தங்கை, கணவனை இழந்தவர், மகனோடு இருந்தார். சிறுநீரகம் பழுதாகி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தங்கையின் போன் வரும். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் எனக்குக் கேட்கும். "வரேன், வரேன். எனக்கு வரணும்னு ஆசை இல்லையா? இந்த இருமல் கொஞ்சம் விடட்டும்." அடுத்த ஞாயிறு: "வரேன்மா. மழை விடட்டும்." அதற்கடுத்த ஞாயிறு வேறொன்று விட வேண்டியிருக்கும். நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து ஸ்டேஷன் நடக்கிற தூரம். கொமுட்டர் ரயில் ஏறினால் நேராகக் கிள்ளான். ஆனால் அக்கா போகவில்லை. கோவிட் வந்ததிலிருந்து தங்கையை அவர் பார்க்கவே இல்லை. டயாலிசிஸில் இருக்கிறவருக்கு எவ்வளவு காலம் மிச்சம் என்று யார் சொல்ல முடியும்? பார்க்காமலேயே ஒருவர் போய்விடுவாரோ என்று சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே தையல் கோணலாகப் போகும்.

"ஏன்க்கா போக மாட்டேங்கிறீங்க?" என்று ஒரு மத்தியானம் கேட்டேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து ஜன்னலைச் சாத்துவது சுவரில் கேட்டது. பிறகு சொன்னார். எம்.சி.ஓ. என்று ஊரடங்கு போட்டிருந்த காலத்தில் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்வந்தது அவர்தான். முதலில் இருமியதும் அவர்தான். அவருக்கு நாலு நாளில் சரியாகிவிட்டது. கணவருக்கு நெஞ்சில் இறங்கிவிட்டது. எந்த ஆஸ்பத்திரியில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தாரோ அதே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி, யாரோ புது ஆபரேட்டர் எடுக்க, வார்டுக்கு இணைப்புக் கேட்டுக் காத்திருந்தாராம். இணைப்புக் கிடைத்தபோது சேதிதான் கிடைத்தது.

"நான்தாம்மா அவருக்குக் கொடுத்தேன்" என்றார். "இனிமே யாருக்கும் கொடுக்க மாட்டேன்."

நான் என்ன சொல்லியும் அது எடுபடவில்லை. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று அந்தச் சமயத்தில் யாருக்குத் தெரியும் என்றேன். "எனக்குத் தெரியும்" என்றார். அந்தக் குரலோடு வாதாட முடியாது. அவர் பயந்தது நோய்க்கு இல்லை. நோய் தன்னிடமிருந்து இன்னொருவருக்குப் போய்விடும் என்பதற்குத்தான்.

தங்கைதான் வழி கண்டுபிடித்தார். டயாலிசிஸ் சென்டரில் அவருக்கு ஃபுளூ ஊசி போட்டிருந்தார்கள். வயதானவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை இருக்கிறவர்கள் எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அங்கே சொன்னார்களாம். "நீயும் போட்டுட்டு வாக்கா, அப்புறம் என்ன சாக்கு சொல்றேன்னு பார்க்கிறேன்" என்று தங்கை சொல்ல, அக்கா எனக்கு போன் பண்ணினார். "கிளினிக்குக்குத் துணைக்கு வர முடியுமா? நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடி வரேன்."

அப்படியே போனோம். நான் முன்னால், அவர் பத்தடி பின்னால். பார்க்கிறவர்கள் சண்டை போட்டுக்கொண்ட மாமியார் மருமகள் என்று நினைத்திருப்பார்கள். கிளினிக்கில் கூட்டம். அக்கா உள்ளே வராமல் கார்கள் நிற்கும் இடத்தில் வெயிலில் நின்றார். எண்ணை அழைத்ததும் நான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.

டாக்டர் நம் பெண். மகள் வயசுதான் இருக்கும். பொறுமையாகச் சொன்னாள். "ஆன்டி, மத்தவங்களுக்கு ரெண்டு நாள் ஜுரத்தோட போறது, உங்களுக்கு நெஞ்சுல இறங்கிடும். ஆஸ்துமா கிளம்பும், சுகர் ஏறும், வார்டுல படுக்க வெச்சிடும். அதுக்குத்தான் இந்த ஃபுளூ ஊசி, வருஷா வருஷம் போடணும். நிமோனியாவுக்கு ஒண்ணு இருக்கு. ஆர்எஸ்வின்னு இன்னொரு வைரஸ், அதுக்கும் இப்ப பெரியவங்களுக்கு ஊசி வந்திருக்கு. ஒண்ணொண்ணா பார்க்கலாம்."

"நான் கேட்க வந்தது அது இல்ல டாக்டர்" என்றார் அக்கா. "இதைப் போட்டுக்கிட்டா நான் யாருக்கும் கொடுக்க மாட்டேனா?"

டாக்டர் யோசித்தாள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அப்படிச் சத்தியம் பண்ண முடியாது ஆன்டி. கொஞ்சம் குறையலாம். சளி பிடிச்சா மாஸ்க் போட்டுக்குங்க, வீட்ல இருங்க. ஆனா இந்த ஊசி முதல்ல உங்களைக் காப்பாத்துறதுக்கு."

"என்னைக் காப்பாத்தச் சொல்லி யாரு கேட்டா?" என்றார் அக்கா. கோபமாகக்கூட இல்லை, தகவல் கேட்கிற மாதிரி. டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

"தங்கச்சியைப் பார்க்கணும்னுதானே வந்தீங்க? நீங்க நல்லா இருந்தாத்தானே போய்ப் பார்க்க முடியும்?" என்று நான்தான் அதட்டினேன். அக்கா சட்டைக் கையை மேலே சுருட்டினார். ஊசி போட வந்த மலாய் நர்ஸ் கையைப் பிடித்ததும், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மூச்சை அடக்கிக்கொண்டார். நர்ஸ், "பயமா மக்சிக்?" என்று அத்தை முறை வைத்து மலாயில் கேட்டுச் சிரித்தாள். பயமில்லை, தன் மூச்சு அந்தப் பெண்மேல் பட்டுவிடக் கூடாது என்பதுதான் என்று எனக்குத் தெரிந்தது. அழுவதற்கு அது இடம் இல்லை என்பதால் கைப்பையில் எதையோ தேடினேன்.

போட்ட கைமேல், ஊசி பட்ட இடத்துக்குக் கொஞ்சம் கீழே, பழைய வட்டத் தழும்பு ஒன்று இருந்தது. நாங்கள் வெளியே வரும்போது அதைத் தடவிக்கொண்டே, "இதுக்குள்ள கிருமி இருக்கும்ல?" என்று கேட்டார். செத்துப்போன கிருமி, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதையே நானும் சொன்னேன். தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டினால் ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம் இல்லை என்பது எனக்கு மறுநாள்தான் புரிந்தது.

மறுநாள் காலை அவர் வாசலில் வேப்பிலை. கம்பிக் கதவின் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாகச் செருகி, நடுவில் ஒரு மாலை மாதிரி கட்டித் தொங்கவிட்டிருந்தார். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருக்கும் மரத்தில் விடிவதற்குள் போய்ப் பறித்திருக்க வேண்டும். கையில் கொஞ்சம் வலி, லேசாகக் காய்ச்சல். ஊசி போட்டால் வருவதுதான். டாக்டர் சொல்லியே அனுப்பியிருந்தாள். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் மாடியில் வேப்பிலையைப் பார்த்தால் அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. எதிர்வீட்டு ஆன்டி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டு, இளநீரையும் எலுமிச்சம்பழத்தையும் வாசலில் வைத்துவிட்டுப் போனார். கோடி வீட்டு மலாய்க் குடும்பம் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. மானேஜ்மென்டுக்கு யாரோ சொல்லிவிட, ஒரு ஆள் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு வந்து நடைபாதை முழுக்க மருந்தடித்தான். நான் தைத்து வைத்திருந்த பட்டு ரவிக்கை ஒன்று நாற்றம் பிடித்துக்கொண்டது. எனக்கு வந்ததே கோபம்.

"அக்கா, அம்மை இல்லக்கா, ஊசி!" என்று போனில் கத்தினேன்.

"தெரியும்மா."

"தெரிஞ்சா எதுக்கு வேப்பிலை?"

அப்போதுதான் தழும்பின் கதை வந்தது. அவர் சின்னப் பெண்ணாகத் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தபோது, தோட்டத்து வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் வந்து வரிசையாக நிற்கவைத்து அம்மை குத்தினாராம். கை கொப்பளித்து, நீர் கோத்து, காய்ச்சல் அடித்தது. அம்மா வாசலில் வேப்பிலை செருகி, புண் காய்ந்து உதிரும்வரை தங்கையைப் பக்கத்திலேயே விடவில்லை. அந்தக் காலத்து அம்மை குத்தலுக்கு அம்மா செய்தது சரிதான் போலும். அந்தக் கொப்பளத்து நீர் பட்டால் ஒட்டும் என்று நானும் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அது வேறு, இது வேறு என்று அக்காவுக்கு யாரால் புரியவைக்க முடியும்? "உடம்புக்குள்ள ஒண்ணை விட்டிருக்காங்க. அது எறங்கட்டும். மூணாவது தண்ணி ஊத்திட்டு நானே கிள்ளானுக்குப் போறேன்" என்றார். தாளிக்காமல் சமைத்தார். மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீர் வெயிலில் வைத்தார். அம்மன் வராத உடம்புக்கு அம்மன் பத்தியம் நடந்தது. எனக்கு அவர்மேல் கோபமா பரிதாபமா என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான். ஏற்கெனவே யாரும் போகாத வீடு அது, அதன் வாசலில் யாரும் வராதீர்கள் என்று கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

இரண்டாவது தண்ணீர் ஊற்றிய அன்று, லிஃப்டிலிருந்து ஒரு பெண்மணி இறங்கினார். ஒல்லி, கறுத்த முகம், இடது முழங்கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. நடைபாதைச் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்து, மகனிடம் சொல்லாமல், கிள்ளானிலிருந்து கார் பிடித்து வந்திருந்தார் தங்கை. வேப்பிலையைப் பார்த்ததும் நின்றார்.

"யாருக்கு அம்மை?" என்று என்னிடம் கேட்டார்.

"யாருக்கும் இல்லங்க. உங்க அக்காவுக்கு ஊசி."

அவர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என் மெஷின் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டேன். உள்ளே அக்கா முகக்கவசத்தோடு கூடத்தின் கடைசியில், சமையலறை வாசலில் நின்றிருந்தார். "ஏன்டி வந்தே?" என்றார். போன் குரல் இல்லை அது. எனக்குப் பரிச்சயமே இல்லாத குரல்.

"திற."

"மூணாவது தண்ணி ஊத்தட்டும். நானே வரேன்."

"எனக்கும்தான் ஊசி போட்டாங்க. அங்க யாரும் வேப்பிலை கட்டலக்கா."

"உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"எனக்கு ஆக வேண்டியதெல்லாம் ஆயாச்சு. மாஸ்க்கைக் கழட்டு. அங்க நின்னே கழட்டு. உன் மூஞ்சியைப் பார்க்கத்தான் வந்தேன்."

அக்கா தயங்கித் தயங்கி ஒரு காதிலிருந்து எடுத்தார். பிறகு மறு காதிலிருந்து. அத்தனை நாள் சுவரோடு சுவராக இருந்த நான் அந்த முகத்தை முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான். சின்ன முகவாய். கன்னத்தில் மடிப்பு. தங்கை பார்த்துக்கொண்டே இருந்தார். "உனக்கு வயசாயிடுச்சுக்கா" என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்புறம்தான் தங்கை இருமினார். ஒரு தரம், இரண்டு தரம். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ரெண்டு நாளா சளி. இருமல் வேற. அதனால இனிமே நீ எனக்குப் புதுசா கொடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு வந்தாச்சு. கொடுத்தா நான்தான் உனக்குக் கொடுக்கணும். நீதான் ஊசி போட்டிருக்கியே. என்ன பயம்?" என்று சொல்லி இன்னொரு தரம் இருமினார். நாடகத்தில் நடிக்கத் தெரியாதவர் இருமுவது போல இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரித்தாலும் தப்பு, அழுதாலும் தப்பு.

அக்கா அசையவில்லை. அந்தக் கதவு திறக்காது என்றே நினைத்தேன். பிறகு அவர் மெதுவாக நடந்து வந்து, சாவியைப் பூட்டில் செருகித் திருப்பிக் கதவை இழுத்தார். வேப்பிலை கீழே கொட்டியது. தங்கை அதன்மேல் மிதித்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். வெகுநேரம் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அதற்கப்புறம் டீயில் சீனி போடுவதைப் பற்றிச் சண்டை கேட்டது. நான் ஒரு நாளும் போகாத அந்தக் கூடத்தில் இரண்டு கிழவிகள் கத்திக்கொள்வதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைப்பானேன்?

சாயங்காலம் தங்கையை லிஃப்டில் கூட்டிப்போய்க் காரில் ஏற்றிவிட்டவள் நான். "எனக்குச் சளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவகிட்ட சொல்லிடாதீங்க" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

அதன்பிறகு அக்கா மாறிவிட்டாரா என்றால், இல்லை. லிஃப்டை விட்டார். முறுக்கைக் கதவில் மாட்டினார். வருஷா வருஷம் ஊசி போட்டுக்கொண்டார், வருஷா வருஷம் வேப்பிலையும் கட்டினார். ஆனால் கிள்ளானுக்குப் போனார். தங்கையின் கடைசி நாட்களில் பக்கத்திலேயே இருந்தார். தங்கை போனது சிறுநீரகத்தால்தான், சளியால் இல்லை. இதை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். இப்போது அக்காவும் இல்லை. அந்த வீட்டில் வேலைக்குப் போகும் பையன்கள் இருக்கிறார்கள், பகலில் சத்தமே இருக்காது. எனக்கு மெஷின் சரியாக ஓடுவதில்லை.

தங்கையைக் காரில் ஏற்றிவிட்டு நான் மேலே வந்த சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வந்தது. வணக்கம் இல்லை, செலாமாட் இல்லை.

"அவளுக்குச் சளி இல்லம்மா" என்றார்.

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"ஆயுசு பூரா இருமினவ நான். பொய் இருமல் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் திறந்தீங்களாக்கா?"

"அந்த உடம்போட அவ்வளவு தூரம் வந்து, என் வாசல்ல உட்கார்ந்து, இரும வராம இருமுறா. பார்த்துக்கிட்டே நிக்க முடியலம்மா. அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டேன்."

மூச்சு இழுப்பது போனில் கேட்டது. சுவரிலும் கேட்டது.

"அவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றார்.